முப்பத்து நான்காவது நிமிடம்

கருவியை நிறுத்த வேண்டிய நேரத்தில் நான் நிறுத்துவதில்லை. இத்தனையும் நடந்ததற்கு அதுதான் காரணம்.

மதுரை வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்தெருவில், ஒரு தையல் பயிற்சி நிலையத்தின் மேல்மாடியில் எங்கள் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. மிளகாய்த்தூளில் சாயம் இருக்கிறதா, தேனில் பாகு கலந்திருக்கிறதா, மூலிகை மாத்திரையில் மூலிகை இருக்கிறதா என்று யார் எதைக் கொண்டுவந்து கேட்டாலும் அளந்து சொல்வோம். நான் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. குரோமட்டோகிராபி கருவி என் பொறுப்பு.

அந்தக் கருவி செய்கிற வேலை எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஒரு பொடியை மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, ஒரு துளியிலும் குறைவாக எடுத்து உள்ளே செலுத்தினால், ஒரு சாண் நீள எஃகுக் குழாய் வழியாக அது நகரத் தொடங்கும். குழாய்க்குள் மாவைவிட மெல்லிய மணல் இறுக்கமாக அடைத்திருக்கும். பொடியில் கலந்து கிடக்கும் ஒவ்வொரு பொருளும் அந்த மணலில் தன் இஷ்டத்துக்கு நின்று நின்று போகும். தண்ணீரோடு சேர்கிறவை முதலில் வெளியே வந்துவிடும். எண்ணெய்ப்பசை உள்ளவை கடைசியில்தான் வரும். எது வெளியே வந்தாலும் திரையில் ஓடும் கோடு ஒரு குன்றுபோல எழும்பி இறங்கும். அதை நாங்கள் பீக் என்போம். எந்த நிமிடத்தில் எழும்புகிறது என்பதை வைத்து அது எந்தப் பொருள் என்று தெரியும். குன்று எவ்வளவு பெரியது என்பதை வைத்து எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்.

நெல்லிக்காயில் நாங்கள் தேடுவது காலிக் அமிலத்தை. அது ஆறாவது நிமிடத்தில் வந்துவிடும். இருபதாவது நிமிடத்தில் பதிவை நிறுத்திவிட்டு, அடுத்த இருபது நிமிடம் வெறும் மெத்தனாலை ஓடவிட்டுக் குழாயைக் கழுவுவோம். கழுவுகிற நேரத்தில் கோடு என்ன செய்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நான் பதிவை நிறுத்தாமல் பார்ப்பேன். ஒன்றும் நடக்காத அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு ஒரு சுகம்.

எழுமலையிலிருந்து முனீஸ்வரி அக்கா கொண்டுவந்த நெல்லிப் பொடியில்தான் கோடு அந்த நேரத்தில் எழும்பியது. முப்பத்து நான்காவது நிமிடம். அகலமான, உயரமான குன்று.

அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். எழுமலையில் ஒன்பது பெண்களைச் சேர்த்துக்கொண்டு நெல்லிக்காயைச் சீவி, காயவைத்து, பொடித்து, கேப்ஸ்யூலில் அடைத்து விற்க முயன்றுகொண்டிருந்தார். அதுவரை அவர்கள் காயைப் பறித்து வியாபாரியிடம் போடுவதோடு சரி. புட்டியில் ஏறுவது வேறு யாருடைய பெயராகவோ இருக்கும். இந்தத் தடவை சென்னையில் ஒரு நிறுவனம் இரண்டாயிரம் புட்டிகளை அவர்களுடைய பெயரிலேயே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. பொடியில் காலிக் அமிலம் நூற்றுக்கு இரண்டுக்குக் குறையக் கூடாது, அடுத்த புதன்கிழமை மாலைக்குள் எங்கள் சான்றிதழ் போய்ச்சேர வேண்டும். தவறினால் வேறு ஊரில் வாங்கிக்கொள்வார்கள். அக்கா பதினொரு தகர டின்களில் பொடியை அடைத்து வைத்துவிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கை அள்ளிக் கலந்து எங்களிடம் கொண்டுவந்திருந்தார்.

காலிக் அமிலம் இரண்டு புள்ளி ஐந்து இருந்தது. தாராளமாகத் தேறிவிட்டது. ஆனால் அந்த இன்னொரு குன்றை என்னால் விட முடியவில்லை.

முதலில் வெறும் மெத்தனாலைச் செலுத்திப் பார்த்தேன். குன்று இல்லை. வடிகட்டியிலிருந்து ஏதாவது கரைந்து வருகிறதோ என்று அதே வடிகட்டியில் வேறொரு வாடிக்கையாளரின் நெல்லிப் பொடியைப் போட்டுப் பார்த்தேன். அதிலும் இல்லை. கணினியில் நாங்கள் சேர்த்து வைத்திருக்கும் தாவரப் பொருள்களின் பட்டியலில் தேடினேன். எதனோடும் ஒத்துப்போகவில்லை.

எங்கள் கூடத்தை நடத்துகிறவர் இம்மானுவேல் சார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையை இரண்டு நிமிடம் பார்த்தார்.

“கேட்டது காலிக். காலிக் பாஸ். கேக்காத கேள்விக்கு எதுக்கும்மா விடை தேடுற” என்றார். பிறகு, அவருக்கும் மனம் கேட்காமல், “புதுசா ஏதாவது இருந்தா உன் பேரையே வச்சிருவோம், நாஸியாலிக் அமிலம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். ஆனாலும் அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் குன்றுக்கு மேலே என்னென்னவோ முளைத்துக்கொண்டிருந்தது. எழுமலை மண்ணில் மட்டும் விளைகிற ஒன்று, இதுவரை யாருமே பார்க்காத ஒன்று என்று.

மறுநாள் முனீஸ்வரி அக்கா போனில் விவரம் கேட்டபோது நான் வாயை அடக்கியிருக்க வேண்டும். காலிக் நன்றாக இருக்கிறது என்று சொன்னதோடு நிறுத்தாமல், இன்னொன்றும் இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை, மற்ற ஊர்க் காயில் அது இல்லை என்றும் சொல்லிவிட்டேன்.

“எங்க காய்ல மட்டுமா?” என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலத்துக்குள் எழுமலை முழுக்கத் தெரிந்துவிட்டது. அக்காவின் வீட்டுக்காரர் அழகுராஜா அண்ணன் குட்டி யானை வண்டி வைத்து லோடு அடிக்கிறவர். அவர் உசிலம்பட்டி அச்சகத்தில் உட்கார்ந்துகொண்டு லேபிளில் ஒரு வரி சேர்த்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பச்சைப் பட்டையில் மஞ்சள் எழுத்து: ‘எழுமலை நெல்லியில் மட்டுமே உள்ள அபூர்வச் சத்து’.

இம்மானுவேல் சாரிடம் அதைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. இப்படி ஒரு லேபிள் கிளம்பிவிட்டால், அந்தச் சத்து என்னவென்று சொல்லாமல் சான்றிதழில் தான் கையெழுத்துப் போட முடியாது என்றார். புதன்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது.

அக்காவிடம் மரத்திலிருந்து அப்போதே பறித்த காய் வேண்டும் என்று கேட்டேன். காலையில் ஒரு மஞ்சள் பையை எழுமலை பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொண்டேன். பையின் மேல் என் பெயரும், கீழே ‘மரத்துக் காய், கழுவல’ என்றும் எழுதியிருந்தது. அரைத்து, ஊறவைத்து, வடிகட்டிச் செலுத்தினேன். முப்பத்து நான்காவது நிமிடத்தில் கோடு படுத்தே கிடந்தது.

அப்படியானால் காயும்போது உண்டாகிற பொருளாக இருக்கலாம். நெல்லிக்காயில் இருக்கிற துவர்ப்புப் பொருள்கள் காயக்காய உடைந்து வேறாக மாறுவது உண்டு. மீதிக் காயைச் சீவி எங்கள் அடுப்புப் பெட்டியில் ஒரு நாள் முழுக்க உலர்த்தினேன். எழுமலைப் பொடி போலவே பழுப்பாக, அதே புளிப்போடு வந்தது. அதிலும் கோடு எழவில்லை.

காயில் இல்லை. காய்ந்தாலும் இல்லை. அங்கே காய்ந்தால் மட்டும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானே போவது என்று முடிவு செய்தேன்.

ஆரப்பாளையத்தில் ஏறி சன்னலோரம் உட்கார்ந்தேன். நாகமலை கூடவே வந்தது. எழும்பி, தாழ்ந்து, மறுபடி எழும்பி ஓடிய அந்த விளிம்பை எந்த நிமிடத்தில் எது என்று எண்ணிக்கொண்டே வந்தேன். செக்கானூரணிக்குப் பிறகு கோடு தரையோடு படிந்துவிட்டது.

அழகுராஜா அண்ணன் பஸ் நிற்கும் இடத்துக்கே வந்திருந்தார். அவர்கள் காயப்போடும் இடம் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய காலிமனை. எனக்கு வெட்கமாகிவிட்டது, அவ்வளவு சுத்தமாக இருந்தது. பெண்கள் தலையில் துணி கட்டியிருந்தார்கள். சீவுகிற கத்திகளை வெந்நீரில் போட்டு வைத்திருந்தார்கள். சீவல்கள் பளிச்சென்ற வெள்ளை விரிப்புகளின் மேல் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பிக் கிடந்தன. மேலே கொசுவலை. தண்ணீர் எங்கே எடுக்கிறார்கள், எதில் அரைக்கிறார்கள், டின்னை எதனால் துடைக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அக்கா சரியான பதில் வைத்திருந்தார்.

“என்ன தாயி, போலீசு மாதிரி கேக்குற” என்றாரே தவிர, கேட்கக்கேட்க அவருக்கும் ஆசை வந்துவிட்டது. நான் விட்டதையெல்லாம் அவரே எடுத்துக் காட்டினார். அந்த அபூர்வச் சத்து எதிலிருந்து வருகிறது என்று என்னைவிட அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கடைசி மூலையில் ஒருவர் மட்டும் பழைய பருத்திச் சேலைகளின் மேல் காயப்போட்டிருந்தார். அவர்தான் பாண்டியம்மாள் என்றும், எதிலும் ஊரோடு ஒத்துப் போகாத ஆள் என்றும் அக்கா மெதுவாகச் சொன்னார். மற்றவர்களுக்கு இரண்டு நாளில் காய்வது பாண்டியம்மாளுக்கு நாலு நாள் ஆகுமாம்.

“இந்த விரிப்புல சீக்கிரம் காயும் தங்கச்சி” என்றார் அழகுராஜா அண்ணன். “அடியில சூடு பிடிச்சு வச்சுக்கிறும். கண்டுபிடிச்சது நான்தான்.”

மதியம் பன்னிரண்டு மணி வெயில். நான் குனிந்து ஒரு சீவலை எடுத்தபோது, நெல்லியின் புளிப்பு வாசத்துக்கு அடியில் இன்னொரு வாசம் இருந்தது. புது ரெயின்கோட்டைப் பிரிக்கும்போது வருமே, அது. விரிப்பின் ஓரத்தைப் பிடித்து மெல்லப் புரட்டினேன்.

அடியில் மீசை வைத்த ஒருவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இன்னும் கொஞ்சம் புரட்டினேன். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர், அவருக்குப் பக்கத்தில் ஒரு தம்பதி, நடுவில் நகை போட்ட இரண்டு குழந்தைகள், சுற்றிலும் வட்ட வட்டமாக முப்பது நாற்பது முகங்கள். காதணி விழா பேனர். அத்தனை பேரும் மண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தார்கள்.

விழா முடிந்ததும் பேனர்களைக் கழற்றிக்கொண்டு வருவது அண்ணனின் வண்டிதான். மை உணவில் படக்கூடாது என்று அக்காதான் படம் கீழே இருக்கும்படி போடச் சொல்லியிருக்கிறார். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியும் இருக்கிறார்கள். தெரிந்தவரை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தார்கள்.

பாண்டியம்மாள் ஏன் பேனர் வாங்கவில்லை என்று கேட்டேன். அவர் பங்குக்கு வந்தது ஒரு கண்ணீர் அஞ்சலி பேனராம். செத்த ஆள் முகத்தின் மேல் தின்கிற பொருளைக் காயப்போட மாட்டேன், கவிழ்த்துப் போட்டாலும் அவர் அங்கேதானே இருக்கிறார் என்று சண்டை போட்டுத் தன் சேலைகளைக் கொண்டுவந்துவிட்டாராம். அதைச் சொல்லி இப்போதும் எல்லோரும் சிரித்தார்கள். பாண்டியம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அளந்து பார்க்காமல் எதுவும் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பேனரில் ஒரு துண்டு வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அக்கா என் முகத்தையே பார்த்தார். பிறகு கத்தரிக்கோலோடு வந்து உட்கார்ந்து, ஓரத்தில் இருந்த ஒரு முகத்தைக் காட்டினார்.

“இவரு என் கொழுந்தன். இவர வெட்டிக்க. வார்டு எலெக்சன்ல எனக்கு ஓட்டுப் போடல.”

கொழுந்தனாரின் ஒரு காதும் தோளும் என் பையில் மதுரைக்கு வந்தன. கூடவே அவருடைய முதுகுப் பக்கத்தில் காய்ந்த சீவல் ஒரு பொட்டலமும், பாண்டியம்மாளின் சேலையில் காய்ந்தது ஒரு பொட்டலமும்.

திங்கட்கிழமை காலை அந்தத் துண்டை மெத்தனாலில் ஊறவைத்துச் செலுத்தினேன். ஆறாவது நிமிடம் ஒன்றுமில்லை. இருபது, ஒன்றுமில்லை. முப்பத்து நான்காவது நிமிடத்தில் கோடு செங்குத்தாக ஏறித் திரையின் உச்சியை முட்டிக்கொண்டு நின்றது. பேனரில் காய்ந்த சீவலிலும் அதே நிமிடத்தில் அதே குன்று. சேலையில் காய்ந்ததில் இல்லை.

பேனர் மடங்காமல் விறைத்துவிடக் கூடாது என்பதற்காகப் பிளாஸ்டிக்கில் ஒரு எண்ணெய் சேர்க்கிறார்கள், தாலேட் என்று பெயர், வெயிலில் அது மெல்லக் கசியும் என்று இம்மானுவேல் சார் சொன்னார். தாவரங்களின் பட்டியலில் அதை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது. பிறகு அக்காவின் எண்ணைத் தானே அழுத்தி, போனை என்னிடம் நீட்டினார்.

நான் சொல்லி முடித்தபோது மறுமுனையில் ஒரு சேவல் கூவியது.

“அப்ப அந்த அபூர்வச் சத்து எங்க சொந்தக்காரங்கதானா” என்றார் அக்கா.

அதைத் தின்றால் என்ன ஆகும் என்று கேட்டார். ஒரு மாத்திரையில் ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் இது தினமும் சாப்பிடுகிற பொருள், அதற்குள் இருக்கவே கூடாதது என்று சொன்னேன்.

“அந்தக் கம்பெனிக்காரங்க இதக் கேட்டாங்களா?”

“இல்லக்கா. காலிக் மட்டும்தான் கேட்டாங்க. அத மட்டும் எழுதினா பாஸ்தான்.”

“நீ அத வாங்கித் திம்பியா?”

“மாட்டேன்க்கா.”

“அப்ப நாளைக்கு எல்லா டின்னையும் தூக்கிட்டு வாரேன்.”

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு, தையல் நிலையம் திறப்பதற்கு முன்பே, அழகுராஜா அண்ணனின் குட்டி யானை வாசலில் நின்றது. பதினொரு டின்களையும் அவரே மாடிக்குச் சுமந்தார். முந்தா நாள் பேசிய ஆள் மாதிரியே இல்லை. இறக்கி வைத்துவிட்டு, “வண்டியில இருக்கேன்” என்று கீழே போய்விட்டார். ஒவ்வொரு டின் மேலும் காயவைத்த பெண்ணின் பெயர் ஒட்டியிருந்தது. பாண்டியம்மாள் பெயரில் இரண்டு டின்.

ஒரு டின்னுக்கு நாற்பது நிமிடம். அக்கா என் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது டின் ஓடும்போது அவருக்குக் கோடு பழகிவிட்டது. பேனரில் இருப்பவர்களைக் காட்டுகிற மாதிரியே பேசினார். ஆறாவது நிமிடத்தில் குன்று எழும்போது, இவர் காலிக், சரியான நேரத்துக்கு வந்துவிடுவார் என்பார். முப்பத்து நான்கு நெருங்கும்போது சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். எட்டுப் பெயர்கள், எட்டுக் குன்றுகள். ஒன்பதாவது டின் அவருடையது. அதில்தான் குன்று மற்ற எல்லாவற்றையும்விட உயரமாக இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்துபோனார்.

பாண்டியம்மாளின் டின்களைக் கடைசியில் போடச் சொன்னது அக்காதான். முதலில் போட்டு அது நன்றாக வந்துவிட்டால் தனக்குத் தாங்காது என்றார்.

மணி இரண்டேகால். பத்தாவது டின். ஆறாவது நிமிடத்துக் குன்று மற்றவற்றைவிடச் சிறிதாக எழுந்தது. கணக்கு முடிந்து எண் வந்தது. இரண்டு புள்ளி ஒன்று. நூலிழையில் தேறியிருந்தது. இனி முப்பத்து நான்கு. முப்பத்து மூன்று கடந்தது. முப்பத்து நான்கு, முப்பத்தைந்து, முப்பத்தாறு. கோடு படுத்தே போய்க்கொண்டிருந்தது. பதினோராவது டின்னும் அதே போல.

“இனி அவ வாய எந்த மிசினாலயும் மூட முடியாது” என்றார் அக்கா. கண்களைத் துடைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னார்.

படிக்கட்டில் நின்று சென்னைக்குப் போன் செய்தார். நடந்ததை ஒளிக்காமல் சொல்வது எனக்கு உள்ளேவரை கேட்டது. பேனர் என்ற வார்த்தையை மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது, அந்தப் பக்கம் நம்பவில்லை போல. திரும்பி வந்து, இரண்டு டின்னுக்கு உண்டான முந்நூற்றைம்பது புட்டியை எடுத்துக்கொள்வார்களாம், பெயர் தங்கள் பெயர்தானாம் என்றார். மிச்சத்துக்குப் புதுக் காயைக் காயவைத்து அடுத்த மாதம் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார்களாம்.

“எடுப்போம்னு சொல்லல. பாப்போம்னு சொன்னாங்க” என்று தனக்கே சொல்வதுபோல ஒரு தடவை சொன்னார். பிறகு என் மேசையிலிருந்த மார்க்கரை எடுத்து, ஒன்பது டின்களின் மேலும் ‘தின்ன ஆகாது’ என்று பெரிதாக எழுதினார். தன் டின்னில் முதலில் எழுதினார். அண்ணனைக் கூப்பிட்டு, ஊருக்குப் போனதும் மனையில் கிடக்கிற பேனர் ஒன்றையும் விடாமல் அள்ளிவிட வேண்டும் என்றும், ஆளுக்கு நாலு பருத்திச் சேலை கொண்டுவரச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். பெண்களிடம் காட்ட ஒரு தாள் கேட்டார். அவருடைய டின்னின் கோட்டையும் பாண்டியம்மாளின் கோட்டையும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டுக் கொடுத்தேன்.

அதை மடிக்கப் போனவர் நிறுத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாண்டியம்மாளின் கோட்டில் ஓரிடத்தில் விரலை வைத்தார். இருபத்தேழாவது நிமிடம். மூச்சு விட்டது மாதிரி ஒரு சின்ன மேடு.

“இது யாரு?”

நான் அதைக் கவனித்திருக்கவில்லை. முப்பத்து நான்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். மற்ற டின்களின் கோடுகளைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் இருந்தது. கண்டக்டரிடம் கொடுத்துவிட்ட, கழுவாத, மரத்துக் காயிலும் இருந்தது. வேறு ஊர் வாடிக்கையாளரின் பொடிக்கு எடுத்த பதிவைப் பார்த்தேன். அதில் இல்லை. மெத்தனாலிலும் இல்லை, கொழுந்தனாரிலும் இல்லை.

“தெரியலக்கா” என்றேன். “காய்லயே இருக்கு. மத்த ஊர்க் காய் ஒண்ணே ஒண்ணுதான் பாத்திருக்கேன், அதுல இல்ல.”

அக்கா அந்த மேட்டை நகத்தால் மெல்லத் தடவிப் பார்த்தார். பிறகு தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்து, படியிறங்கத் திரும்பியவர் நின்றார்.

“இத எங்க வீட்டு ஆளுகிட்ட சொல்லிறாத. நானும் சொல்ல மாட்டேன். மொதல்ல அது யாருன்னு பாரு.”

கீழே குட்டி யானை கிளம்புகிற சத்தம் கேட்டது. நான் மரத்துக் காயின் கரைசலில் மிச்சம் இருந்ததை எடுத்து மறுபடி கருவிக்குள் செலுத்தினேன். இருபதாவது நிமிடம் வந்தபோது இம்மானுவேல் சார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பதிவை நிறுத்தச் சொல்லவில்லை.